ஆட்சியர் அலுவலகத்தில் ஒரு மேசை: நாகையில் தன்னார்வலர்கள் அரசோடு சேர்ந்து வேலை செய்த விதம்

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணி வாக்கில் கடல் சுனாமியாக நாகப்பட்டினத்துக்குள் வந்தது. அடுத்த சில நாட்களில் லாரி லாரியாக உதவி வந்தது. அதில் கண்ணில் அதிகம் பட்டது பழைய துணி. அனுப்பியவர்கள் நல்ல மனதோடுதான் அனுப்பினார்கள். ஆனால் வாங்க வேண்டியவர்கள் தினமும் கடலில் சம்பாதித்துச் செலவழித்து வாழ்ந்த குப்பத்து மக்கள். அடுத்தவர் உடுத்திய துணியை அவர்கள் தொடவில்லை. துணி சாலையோரத்தில் குவிந்தது, நனைந்தது, நாறியது. அதை அள்ள வேண்டியிருந்தவர்களும் மற்ற ஊர்களிலிருந்து வரவழைக்கப்பட்ட துப்புரவுப் பணியாளர்களே. இடிபாடுகளுக்கு அடியிலிருந்து உடல்களை எடுத்துக்கொண்டிருந்த அதே கைகளுக்கு இந்த வேலையும் சேர்ந்தது.

அதே ஊரில், சில நாட்களுக்குள், வேறு ஒரு விதமான தொண்டும் தொடங்கியது. 2005 பிறந்த சமயத்தில் ஆட்சியர் அலுவலக வளாகத்துக்குள்ளேயே தொண்டு நிறுவனங்களின் ஒருங்கிணைப்புப் பிரிவு ஒன்று உட்கார்ந்தது. பிறகு அது என்.சி.ஆர்.சி. என்று அறியப்பட்ட ஒருங்கிணைப்பு வள மையமாக வளர்ந்தது. அரசுத் துறையோடு சேர்ந்து தன்னார்வலர் வேலை செய்வது எப்படி என்று யார் என்னிடம் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இந்த மேசையைப் பற்றித்தான். சோறு போடவும் துணி கொடுக்கவும் ஊரே வரும். தெருவில் இருக்கும் நிலவரத்தை உத்தரவு எழுதும் இடத்துக்குக் கொண்டுபோய், அந்த உத்தரவைத் தெருவுக்குக் கொண்டுவரும் ஆள்தான் கிடைக்க மாட்டார்.

பின்னணி

நாகப்பட்டினம் 1991இல் தஞ்சாவூரிலிருந்து பிரிந்த மாவட்டம். மயிலாடுதுறை தனி மாவட்டமானது 2020 இறுதியில்தான். ஆகவே சுனாமியின்போது கொள்ளிடம் கடலில் சேரும் இடத்திலிருந்து பூம்புகார், தரங்கம்பாடி, நாகூர், வேளாங்கண்ணி, வேதாரண்யம், கோடியக்கரை என்று முழுக் கடற்கரையும் ஒரே ஆட்சியரின் பொறுப்பில் இருந்தது. நீளம் ஏறத்தாழ 190 கிலோமீட்டர். தமிழ்நாட்டில் சுனாமிக்குப் பலியானவர்கள் சுமார் 8,000 பேர். அதில் 6,000க்கு மேல் இந்த ஒரு மாவட்டத்தில். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் என்பதால் வேளாங்கண்ணி கடற்கரையில் வெளியூர்க் கூட்டம் இருந்தது. அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம், நம்பியார் நகர் போன்ற ஊர்களில் வீடு, படகு, வலை, ஆள் எல்லாம் ஒரே காலையில் போயின.

நிலத்தின் அமைப்பையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் வரும் சிக்கல் புரியாது. காவிரியின் கிளைகள் கடலில் சேரும் கடைமடைப் பகுதி இது. மணலை ஒட்டி மீனவர் குப்பம். அதற்குப் பின்னால் சில நூறு மீட்டரில் தலித் மக்கள் குடியிருப்புகள், அப்புறம் நெல் வயல், உப்பளம், உப்பங்கழி. வெளியிலிருந்து வருகிறவருக்கு முன்னால் இருக்கும் குப்பம் மட்டும்தான் தெரியும். குப்பத்துக்கு ஊர்ப் பஞ்சாயத்து உண்டு, அதற்குப் பஞ்சாயத்தார் உண்டு. அவர்களிடம் ஒரு வார்த்தை சொன்னால் ஊர் முழுக்கப் போய்ச் சேரும். பின்னால் இருக்கும் குடியிருப்புகளுக்கு அப்படி ஒரு வாய் கிடையாது.

அரசின் பக்கம் வருவாய்த்துறையின் ஏணி: ஆட்சியர், கோட்டாட்சியர், தாசில்தார், வருவாய் ஆய்வாளர் (ஆர்.ஐ.), கிராம நிர்வாக அலுவலர் (வி.ஏ.ஓ.), கிராம உதவியாளர். சாதாரண நாளில் இது மெதுவாக நகரும் ஏணி. அந்த டிசம்பரில் மாநில அரசு ஒரு நல்ல காரியம் செய்தது. கடற்கரைக் கிராமங்களைப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் மூத்த அதிகாரிகளை அனுப்பி, அந்த இடத்திலேயே முடிவெடுக்கும் அதிகாரத்தையும் கொடுத்தது. அதே ஆண்டு ஜூலையில் கும்பகோணம் பள்ளித் தீ விபத்தில் 94 குழந்தைகள் இறந்தபோது தஞ்சாவூர் ஆட்சியராக இருந்த ஜெ. ராதாகிருஷ்ணன், நாகைக்கு மாற்றப்பட்டார். தன்னார்வலர் மேசை உயிரோடு இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம். முடிவெடுக்கும் அதிகாரம் இல்லாத அதிகாரியின் பக்கத்தில் எத்தனை தன்னார்வலர்களை உட்கார வைத்தாலும் காகிதம்தான் கூடும்.

மேசை செய்த வேலை

நூற்றுக்கணக்கான தொண்டு நிறுவனங்கள் நாகைக்கு வந்தன. பெரிய பன்னாட்டு அமைப்புகள், மடங்கள், திருச்சபைகள், ஜமாஅத்துகள், கல்லூரி மாணவர்கள், சென்னையிலிருந்து லீவு போட்டுவிட்டு வந்த இளைஞர்கள், வெளிநாட்டுத் தமிழர்கள். எல்லாருக்கும் ஒரே கேள்வி: எங்கே போகலாம்? பதில் தெரியாதவர்கள் சாலை நல்லா இருக்கும் ஊருக்குப் போனார்கள். நாகை நகரத்தை ஒட்டிய ஊர்களில் ஒரே பொருள் திரும்பத் திரும்ப வந்தது. உள்ளடங்கிய ஊர்களுக்கு வரவில்லை.

மேசை முதலில் கையில் எடுத்தது இதைத்தான். எந்தக் கிராமத்தில் என்ன இருக்கிறது, என்ன இல்லை, எந்த அமைப்பு எங்கே வேலை செய்கிறது என்று கேட்டு எழுதி, கணினியில் ஏற்றி, வருகிறவர்களுக்குச் சொல்வது. தங்குமிடம், வாழ்வாதாரம், சுகாதாரம், மனநலம், குழந்தைகள் என்று துறைவாரியாகக் குழுக்கள். அதிகாரிகளும் தொண்டு நிறுவனத்தாரும் ஒரே அறையில் உட்காரும் கூட்டங்கள். பிறகு கடலோரத்திலேயே கிராமத் தகவல் மையங்கள் வந்தன. அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் அரசாணையில் என்ன இருக்கிறது என்று மக்களுக்குச் சொன்னார்கள், மக்களின் குறையை மேலே அனுப்பினார்கள். கேட்க எளிய வேலை. ஆனால் குப்பத்தில் ஒரு பெண், தன் பெயர் எந்தப் பட்டியலில் இருக்கிறது, எதில் விடுபட்டது என்று கேட்க வேறு இடமே கிடையாது. தாசில்தார் அலுவலக வாசலில் நாள் முழுக்க நிற்க அவளால் முடியாது. வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள், அல்லது பிள்ளைகளை இழந்த துக்கம் இருக்கிறது.

ஏன் ஆட்சியர் அலுவலகத்துக்குள்? வெளியே ஒரு வாடகைக் கட்டடத்தில் இதைச் செய்திருக்கலாமே என்று கேட்கலாம். செய்திருந்தால் அது இன்னொரு தொண்டு நிறுவனமாக ஆகியிருக்கும் என்பது என் கணிப்பு. வெளியூரிலிருந்து வரும் எந்த அமைப்பும் அனுமதிக்காக எப்படியும் ஆட்சியர் அலுவலகத்துக்கு வந்தாக வேண்டும். அங்கேயே மேசை இருந்தால் தப்ப முடியாது. காலையில் கிராமத்திலிருந்து வந்த செய்தி மாலைக்குள் அதிகாரியின் காதில் விழும். அதிகாரி சொன்ன பதில் அப்போதே பதிவாகும். அரசின் கூரைக்குள் உட்கார்ந்ததால் குரல் மங்கிவிட்டதா என்றால், அதற்கு மருந்து வேறு இடத்தில் இருந்தது. யார் உட்கார்ந்தார்கள் என்பதில்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்கிறேன், ஏனென்றால் எல்லாரும் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். மேசையைத் தொடங்கியவர்களில் முக்கியமான இரண்டு அமைப்புகள் சினேகாவும் சிஃப்ஸும். சினேகா 1984 முதல் நாகைப் பகுதி மீனவப் பெண்களிடையே வேலை செய்த அமைப்பு. சிஃப்ஸ் என்பது தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு, தலைமையகம் திருவனந்தபுரத்தில். இருவரும் சுனாமி வந்த பிறகு முதல்முறையாகக் கரைக்கு வந்தவர்கள் கிடையாது. எந்தக் குப்பத்தில் பஞ்சாயத்தார் யார், எந்த ஊருக்கும் எந்த ஊருக்கும் பேச்சுவார்த்தை இல்லை, கட்டுமரத்துக்கும் விசைப்படகுக்கும் இடையே என்ன தகராறு, மீன் கூடை சுமக்கும் பெண்கள் யாரிடம் கடன் வாங்குகிறார்கள் என்று பல வருடமாகத் தெரிந்தவர்கள். ஆகவே அதிகாரி கேட்டதை மட்டும் சொல்லாமல், கேட்காததையும் சொல்ல முடிந்தது. டிசம்பர் 27ஆம் தேதி அறிமுகம் செய்துகொள்ளும் அமைப்பால் இது முடியாது. தன்னார்வத் தொண்டின் பெரிய பகுதி பேரிடர் இல்லாத வருடங்களில்தான் நடக்கிறது.

அரசாணைகளும் தெருவும்

2005 ஜனவரி 13ஆம் தேதி வருவாய்த்துறையின் அரசாணை 25 வந்தது. வீடு கட்டித் தர விரும்பும் அமைப்புகள் ஆட்சியரோடு ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும். வீடு ஒன்றுக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் மதிப்பு. குறைந்தது 50 வீடு, அதாவது 75 லட்சம் ரூபாய் போடத் தயாராக இருப்பவர்கள் வரலாம். சிறிய அமைப்புகளுக்கு இது வருத்தம் தந்தது என்றாலும், அரசு செய்தது சரி என்றே நினைக்கிறேன். ஐந்து வீடு, ஏழு வீடு என்று ஆளுக்கொரு மூலையில் கட்டியிருந்தால் சாலையும் குடிநீரும் மின்சாரமும் யார் கொடுப்பது என்றே தெரியாமல் போயிருக்கும்.

மார்ச் 30ஆம் தேதி அரசாணை 172. கடலின் உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் இருப்பவர்கள் புதிய இடத்தில் இலவச வீடு பெறலாம், ஆனால் பழைய இடத்தை அரசுக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். அங்கேயே இருப்பவர்கள் இருக்கலாம், உதவி கிடையாது. இந்த ஆணைதான் மேசையின் மதிப்பைக் காட்டியது. மீனவருக்குக் கரை என்பது படகு ஏற்றும் இடம், வலை காயப்போடும் இடம், கடலைப் பார்த்து இன்று போகலாமா என்று முடிவு செய்யும் இடம். தன்னைப் பின்னால் அனுப்பிவிட்டுக் கரையை வேறு யாருக்கோ கொடுக்கப் போகிறார்களோ என்ற பயம் ஊர் ஊராகப் பரவியது. அந்தப் பயத்தை வெறும் வதந்தி என்று தள்ளுவதும் தப்பு, அதை ஊதிப் பெரிதாக்குவதும் தப்பு. ஆணையில் உண்மையில் என்ன இருக்கிறது என்று வரி வரியாகச் சொல்லிவிட்டு, மக்கள் கேட்கும் கேள்வியை அப்படியே எழுதி மேலே கொண்டுபோகும் ஆள் வேண்டும். வீட்டுக்குப் பட்டா கணவன் மனைவி இருவர் பெயரிலும் வருகிறது என்பதையும் அந்த ஆள்தான் வீட்டுப் பெண்ணின் காதில் போட வேண்டும். ஊர்க் கூட்டத்தில் பெண்கள் பெரும்பாலும் உட்காருவதில்லை.

சரியாக நடந்தவை பல. கொள்ளை நோய் பரவவில்லை. பெற்றோரை இழந்த குழந்தைகளைத் தத்தெடுக்கிறேன் என்று யாரும் தூக்கிக்கொண்டு போகக் கூடாது என்று அரசு தடுத்து, நாகையில் காப்பகம் திறந்தது. குழந்தை பெயரில் 5 லட்சம் ரூபாய் வைப்புத்தொகை போட்டது. இவற்றில் பெரும்பங்கு அரசு ஊழியர்களுடையது. அதைத் தன்னார்வலர்கள் தங்கள் கணக்கில் எழுதிக்கொள்ளக் கூடாது.

சறுக்கியவை

தற்காலிகக் குடியிருப்புகள் பல கறுப்புத் தார் ஷீட்டால் கட்டப்பட்டன. சித்திரை வெயிலில் உள்ளே இருக்க முடியவில்லை, அந்த ஆண்டு ஐப்பசி கார்த்திகை மழையில் தண்ணீர் நின்றது. அவசரத்தில் கட்டியது என்று சொல்லலாம். ஆனால் டெல்டாவில் கோடை எப்படி இருக்கும், அடைமழை எப்போது வரும் என்பது இங்கே பிறந்த குழந்தைக்கும் தெரியும். அதைத் தீர்மானிக்கும் இடத்தில் அந்த அறிவு இல்லாமல் போனது.

படகு விஷயம் இன்னும் பெரியது. படகு கொடுத்தால் படம் எடுக்கலாம், பெயர் எழுதலாம், கணக்குக் காட்டலாம். அதனால் ஃபைபர் படகு தர எல்லாரும் போட்டி போட்டார்கள். முன்பு இருந்ததைவிட அதிகமான படகுகள் கரைக்கு வந்தன, சில தரமும் சரியில்லை. பங்குக்குக் கடலுக்குப் போனவர்கள் படகு உரிமையாளர்கள் ஆனார்கள், படகுக்குப் போக ஆள் இல்லை. கடலில் மீன் அதே அளவுதான். பட்டியலைப் பார்த்து நிறுத்தியிருக்க வேண்டிய இடம் இது. ஒருங்கிணைப்பு மேசைக்குச் சொல்ல முடியும், தடுக்க முடியாது. நன்கொடையாளருக்குப் 'போதும்' என்று சொல்லும் அதிகாரத்தை எந்தத் தன்னார்வலருக்கும் யாரும் கொடுக்கவில்லை.

என்னை அதிகம் வருத்துவது விடுபட்டவர்கள். நிவாரணம் முதலில் மீனவர் இழப்பைக் கணக்கிட்டது: படகு, வலை, இன்ஜின், வீடு. குப்பத்துக்குப் பின்னால் இருந்த தலித் குடும்பங்கள், கூலி விவசாயிகள், உப்பளத் தொழிலாளர்கள், கழியில் கையால் தடவி இறால் பிடித்த இருளர்கள், மீன் விற்ற பெண்கள், இவர்களிடம் இழந்ததாகக் காட்ட ஒரு பொருளும் இல்லை. இழந்தது நாள் கூலி. அதற்குப் பட்டியலில் கட்டம் இல்லை. கடல் வரை போய் வந்தவர்களுக்கு ஊர்ப் பஞ்சாயத்து பேசியது, பேச ஆள் இல்லாதவர்கள் பின்தங்கினார்கள். பல அமைப்புகள் பிறகு இதை எடுத்துச் சொல்லி, ஓரளவு திருத்தம் வந்தது. ஆனால் அந்தத் திருத்தம் தாமதமாக வந்தது, அந்தத் தாமதத்தில் பசி இருந்தது. தன்னார்வலர் முதல் நாளே போக வேண்டியது அந்தக் குடியிருப்புக்கு. முன்னால் இருக்கும் ஊருக்கு எப்படியும் நாலு பேர் போவார்கள்.

வயல்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கடல்நீர் ஏறிய நெல் வயலில் உப்பும் சேறும் படிந்தன. சேற்றை அள்ளி, வடிகால் வெட்டி, பசுந்தாள் உரப் பயிரான தக்கைப்பூண்டை விதைத்து மடக்கி உழுது, மழை உப்பைக் கழுவக் காத்திருந்து மீட்டார்கள். வேளாண் துறையும் இயற்கை வேளாண் அமைப்புகளும் சேர்ந்து செய்த வேலை, பலனும் தந்தது.

கஜா: அதே பாடம், கரையைத் தாண்டி உள்ளே

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்தது. இந்த முறை அரசு முன்கூட்டியே 80,000க்கும் மேற்பட்டோரை முகாம்களுக்குக் கொண்டுபோனது. பதினான்கு வருடத்தில் வருவாய்த்துறை கற்றது அங்கே தெரிந்தது. ஆனால் காற்று கடற்கரையோடு நிற்கவில்லை. முத்துப்பேட்டை, பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு வரை தென்னந்தோப்புகளைச் சாய்த்துவிட்டு உள்ளே போனது. மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் விழுந்து, பல ஊர்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. உதவி வண்டிகள் பெரிய சாலைகளிலேயே வழிமறிக்கப்பட்டன. சாலையோர ஊர்க்காரர்கள் பொல்லாதவர்கள் என்று இதை எழுதியவர்கள் உண்டு. அவர்களுக்கும் பசிதான். எந்த வண்டி எந்த ஊருக்கு என்று யாரும் சொல்லாதபோது, முன்னால் வருவதை நிறுத்துவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

விழுந்த தென்னைக்கு அரசு மரத்துக்கு 600 ரூபாயும், வெட்டி அப்புறப்படுத்த 500 ரூபாயும் அறிவித்தது. ஆக மரத்துக்கு 1,100. கன்று வைத்துக் காய்ப்புக்கு வர ஐந்தாறு வருடம் ஆகும் மரத்துக்கு அது போதுமா என்பது தனி விவாதம். இங்கே பார்க்க வேண்டியது, அந்தப் பணம் யாருக்குப் போனது என்பதை. மரக் கணக்கு நில ஆவணத்தைப் பிடித்துப் போகும். டெல்டாவில் ஏராளமான நிலம் கோவிலுக்கும் மடத்துக்கும் சொந்தம், உழுகிறவர் குத்தகைதாரர். பட்டாவில் அவர் பெயர் இருக்காது. தேங்காய் உரிப்பவர், மரம் ஏறுபவர், கீற்று முடையும் பெண்கள் ஆகியோரின் பிழைப்பும் மரத்தோடு விழுந்தது. சுனாமியில் படகு இல்லாதவருக்கு நேர்ந்தது, கஜாவில் பட்டா இல்லாதவருக்கு நேர்ந்தது.

இப்போது சேர விரும்புகிறவர்களுக்கு

2005இல் பேரிடர் மேலாண்மைச் சட்டம் வந்து, மாவட்டத்துக்கு ஓர் ஆணையம், தலைவராக ஆட்சியர் என்று ஆனது. பேரிடர்த் தன்னார்வலர்களுக்கான ஆப்த மித்ரா திட்டத்தில் 18 முதல் 40 வயதுள்ள உள்ளூர்க்காரர்களுக்குப் பன்னிரண்டு நாள் பயிற்சி தந்தார்கள்: மீட்பு, முதலுதவி, வெள்ளத்தில் ஆளை இழுப்பது. வருவாய்த்துறை கிராமங்களில் முதல்நிலைப் பொறுப்பாளர்களை வைத்திருக்கிறது. அப்படி ஒரு பயிற்சி நடந்தால், வயது இருந்தால், உடம்பு ஒத்துழைத்தால் கண்டிப்பாகச் சேருங்கள். அந்தப் பயிற்சி முக்கியமாக முதல் சில மணி நேரத்துக்கானது. அதற்குப் பிறகு வரும் மாதங்களுக்கு, நாகை மேசை செய்ததைக் கிராம அளவில் நீங்களே செய்ய வேண்டும். அதற்கு யாருடைய நிதியும் தேவையில்லை.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். ஆடி முடிவதற்குள் உங்கள் வி.ஏ.ஓ.வைப் போய்ப் பாருங்கள். புகார் சொல்லப் போகாதீர்கள், வேலை கேட்டுப் போங்கள். ஒரு வி.ஏ.ஓ. கையில் சில சமயம் இரண்டு மூன்று கிராமம் இருக்கும், உதவிக்கு ஆள் கிடைத்தால் வேண்டாம் என்று சொல்ல மாட்டார். அவரிடம் இருக்கும் வீட்டுப் பட்டியலில் இல்லாதவர்களைக் கண்டுபிடிப்பதுதான் உங்கள் வேலை. புறம்போக்கில் குடிசை போட்டவர்கள், ரேஷன் கார்டு வேறு ஊரில் இருப்பவர்கள், குத்தகைக்கு உழுகிறவர்கள், செங்கல் சூளைக்கும் அறுவடைக்கும் வந்து தங்கியவர்கள், தனியாக இருக்கும் முதியவர்கள், படுக்கையில் கிடப்பவர்கள், பேறுகாலத்தில் இருப்பவர்கள். பள்ளிக்கூடச் சாவி யாரிடம் இருக்கிறது, மரம் அறுக்கும் மெஷின் யாரிடம், டீசல் பம்பு யாரிடம், எந்தத் தெருவில் முதலில் தண்ணீர் ஏறும் என்பதையும் எழுதுங்கள். ஒரு நகல் வி.ஏ.ஓ.விடம், ஒன்று ஊராட்சி அலுவலகத்தில், ஒன்று உங்களிடம். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077 என்பதை எல்லா வீட்டுச் சுவரிலும் எழுதிவிடுங்கள்.

தன்னார்வலர் ஒருபோதும் நிவாரணம் கிடைக்கும் என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. நாம் கொடுப்பது தகவல்தான், பணம் ஒதுக்குவது அரசு. ஆதார் நகலை வாங்கினால் ஏன் வாங்குகிறோம், யாரிடம் கொடுக்கிறோம் என்று சொல்லிவிட்டு வாங்குங்கள். துக்கத்தில் இருப்பவரைப் படம் எடுக்காதீர்கள். கணக்கெடுப்புக்கு அதிகாரி வரும்போது கூடவே நடங்கள், ஆனால் முன்னால் பேசாதீர்கள். வீட்டுக்காரம்மா பேசட்டும். அவர் சொல்ல மறந்ததை மட்டும் கடைசியில் எடுத்துக் கொடுங்கள்.

கணக்கெடுப்பு முடிந்து பட்டியல் வந்ததும், விடுபட்டவர்களுக்கு மனு எழுதி, அவர்களையே கூட்டிக்கொண்டு திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்துக்குப் போங்கள். மனுவுக்குத் தரும் எண்ணை வாங்கி ரேஷன் கார்டு உறையின் பின்பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டு, உங்கள் நோட்டிலும் பெயருக்கு நேராகக் குறித்துக்கொள்ளுங்கள். பதில் வரவில்லை என்றால் அடுத்து எந்த அலுவலகம் போவது என்று கேட்டு அவர்கள் உங்களிடம்தான் வருவார்கள்.